புல்லுக்கும் ரவுண்ட் உண்டு

(ராகலையில் மாடு வளர்க்கும் குடும்பங்களின் கூட்டத்தில் தோட்ட சேமநல உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



ஒரு மலையில் ரவுண்ட் பிந்தினால் என்ன ஆகும்? கொழுந்து முற்றிப் போகும். கூடை நிறையும், நிறுவையும் ஏறும், ஆனால் தேயிலையின் தரம் கெட்டுவிடும். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாட்டுப் புல்லும் அப்படித்தான்.

புல் நல்லா ஓங்கட்டும், கட்டு பெரிசாக வரும் என்று பலர் காத்திருக்கிறோம். புல் வளர வளர இலை குறைந்து, தண்டு கூடி, மரம் போல இறுகிவிடுகிறது. நேப்பியர், சி.ஓ.3 போன்ற புல்லைப் பருவத்தில் வெட்டினால் காய்ந்த எடையில் 100க்கு 10 பங்குக்கு மேல் புரதம் இருக்கும். பூவெடுத்து முற்றினால் 6, 7 பங்குக்கு இறங்கிவிடும். 7க்குக் கீழே போனால், மாட்டின் வயிற்றில் தீனியைச் செரிக்க வைக்கிற நுண்ணுயிர்களுக்கே சத்துப் போதாது. மாடு தின்பது குறையும், பாலும் குறையும்.

கொழுந்து எடுத்துக் களைத்த உடம்போடு தலையில் புல்லுக்கட்டு சுமந்து வருவது அநேகமாக நம் வீட்டுப் பெண்கள்தான். முற்றின கட்டில் பாதி தண்டாகத் தொட்டியிலேயே கிடக்கிறது. அந்தப் பாதியை அவர்கள் வீணாகத்தானே சுமந்தார்கள்?

அதற்காகப் பிஞ்சிலேயே வெட்டவும் கூடாது. பிஞ்சுப் புல்லில் தண்ணீர்தான் அதிகம். மாடு கழியும், பாலில் கொழுப்புக் குறையும். சேகரிப்பு நிலையத்தில் கொழுப்பைப் பார்த்துத்தானே விலை போடுகிறார்கள்? புல்லின் வேரும் சோர்ந்துவிடும்.

அப்போ எப்போ வெட்டுவது? நட்ட புல்லை இரண்டரை மாதத்தில் முதல் வெட்டு, பிறகு 45 நாளுக்கு ஒரு வெட்டு என்பது பொதுக் கணக்கு. நம்ம பக்கம் குளிரில் புல் மெதுவாக வளரும். அதனால் நாளை மட்டும் எண்ணாமல் புல்லையும் பாருங்கள். இடுப்புக்கு மேலே, நெஞ்சுக்குக் கீழே நிற்க வேண்டும், பூ வந்திருக்கக் கூடாது. கவ்வாத்துக்கு உயரம் பார்ப்பது போல, அடியில் 4 முதல் 6 அங்குலம் விட்டு வெட்டுங்கள்.

புல்பாத்தியை ஆறு துண்டாகப் பிரித்து, வாரம் ஒரு துண்டு வெட்டினால், ஆறு வாரத்தில் முதல் துண்டு மறுபடி தயாராகும். அதுதான் புல்லுக்கு ரவுண்ட்.

ஓடைக்கரைப் புல்லில்தான் சிக்கல். இன்றைக்கு வெட்டாவிட்டால் நாளைக்கு அடுத்தவர் வெட்டிவிடுவார் என்று பிஞ்சிலேயே அறுத்துவிடுகிறோம். கடைசியில் யாருக்கும் நல்ல புல் இல்லை. மாடு வைத்திருக்கிற குடும்பங்கள் லயத்துக்கு லயம் கூடிப் பேசி, யாருக்கு எந்தக் கரை, எந்த வாரம் என்று பங்கு வைத்துக்கொள்ளுங்கள். மாடு வாங்கிய கடனை அடைப்பதும், பிள்ளைகளுக்கு ஒரு கோப்பை பால் மிஞ்சுவதும் இந்தப் பேச்சில்தான் இருக்கிறது. கூட்டம் வையுங்கள், நானும் வருகிறேன்.