இறுதி ஏழு நாள்கள்

(செண்பகனூரில் நடைபெற்ற மாணவர் சந்திப்பில் பட்டயக் கணக்காளர் ஒருவர் ஆற்றிய உரை)



இச்செண்பகனூர் எனக்குப் புதிய ஊரன்று. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாதத்தில், இறுதித் தேர்வுக்கு ஒரு வாரமே இருக்கையில், இரண்டு பெட்டி நிறையப் புத்தகங்களுடன் இங்கு வந்து சேர்ந்தேன். குளிர்ந்த மலை, ஆளரவமற்ற வீடு; ஏழே நாளில் எல்லாவற்றையும் படித்து முடித்துவிடலாம் என்பது என் எண்ணம். மறுநாளே அடைமழை பிடித்துக்கொண்டது. பாதி நாள் மின்சாரம் இல்லை. நானோ, படித்து வைத்திருந்தவற்றைப் புரட்டிப் பார்க்காமல், அதுவரை தொடாத அத்தியாயங்களைப் புதிதாகத் தொடங்கினேன். தேர்வுக்கு முந்தைய மாலை, மலைச்சாலை வளைவுகளில் தலைசுற்றி, மதுரையில் போய் இறங்கினேன். முடிவு வந்தபோது ஒரு தாளில் 38 மதிப்பெண். வேண்டியது 40. மற்றத் தாள்களில் தேறியும் அக்குழுவில் நான் தேறவில்லை.

அந்த இரண்டு மதிப்பெண் குறைந்தது படிக்காத பாடத்தால் அன்று. படித்த பாடம் வேண்டிய நேரத்தில் நினைவுக்கு வராமையால். ஆகவே இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே. இறுதி வாரம் புதிதாகச் சேர்ப்பதற்கு உரியதன்று. சேர்த்ததைக் கேட்டவுடன் எடுத்துக்கொடுக்கும்படி ஒழுங்கு செய்வதற்கே உரியது.

1895-இல் தொடங்கப்பெற்ற இவ்வூர்த் திரு இருதயக் கல்லூரியின் அருங்காட்சியகத்தைக் கண்டிருப்பீர்கள். அங்கே பாடம் செய்து வைத்த உயிரினங்கள் பெயர்ச்சீட்டோடு இருக்கின்றன. சீட்டு இல்லாவிடில் எவ்வளவு சேர்த்தும் தேடுவோர்க்குப் பயனில்லை. நம் படிப்பும் அத்தகையதே.

முதலில் கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு தாளிலும் 40. குழுவின் மொத்தத்தில் பாதி. மூன்று தாள்களிலும் 45 பெற்றவர் எதிலும் தவறவில்லை. ஆயினும் மொத்தம் 135 என்பதால் தேறுவதில்லை. 70, 60, 38 பெற்றவர் 168 எடுத்தும் தேறுவதில்லை. எனவே பிடித்த தாளிலேயே வாரம் முழுவதும் மூழ்கிக் கிடப்பதும் பிழை. பிடிக்காத தாளைக் கைவிடுவதும் பிழை. நலிந்த தாளை 40-க்கு மேல் பாதுகாப்பாக உயர்த்துங்கள். வலிய தாளில் மொத்தத்துக்கு வேண்டிய மிகுதியைத் தேடுங்கள்.

குழுவின் மூன்று தாள்களுக்கும் தலைக்கு இரண்டு நாள் என ஆறு நாள் ஒதுக்குங்கள். மூன்றாம் தாளில் தொடங்கி, இரண்டாம் தாளைப் பார்த்து, முதல் தாளில் முடியுங்கள். அப்போதுதான் முதலில் எழுத வேண்டியது மனத்தில் பசுமையாக இருக்கும். ஏழாம் நாள் முதல் தாளின் சுருக்கக் குறிப்புகளுக்கும், நுழைவுச் சீட்டு, கணிப்பான், பேனா ஆகியவற்றை எடுத்து வைப்பதற்கும் உரியது. தாள்களுக்கிடையே பெரும்பாலும் ஒரு நாளே இடைவெளி. அந்நேரத்துக்குள் புரட்டி முடிக்க இயலாத குறிப்பேடு குறிப்பேடன்று. அதை இப்போதே சுருக்கிக்கொள்ளுங்கள். வரித் தாள்களில் உங்கள் தேர்வுக்குப் பொருந்தும் நிதிச் சட்டத் திருத்தங்களையும், கழகம் வெளியிடும் ஆர்.டி.பி.யையும் மறவாது பாருங்கள்.

எவ்வாறு படிப்பது? மீண்டும் மீண்டும் வாசிப்பது தெரிந்தது போன்ற மயக்கத்தைத் தரும். அமெரிக்க உளவியலறிஞர் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மீண்டும் வாசித்தோரையும், அதை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதியோரையும் ஒப்பிட்டனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தோரே முந்தினர். ஒரு வாரம் கழித்தோ, எழுதியோர் 56 விழுக்காட்டையும் வாசித்தோர் 42 விழுக்காட்டையுமே நினைவுகூர்ந்தனர். ஆதலால் புத்தகத்தை மூடுங்கள். வெள்ளைத்தாளில் எழுதிப் பாருங்கள். விட்டவற்றை மட்டும் திறந்து பாருங்கள். முன்பு செய்த பிழைகளை ஒரு சிறு ஏட்டில் தொகுத்து, நாள்தோறும் உறங்குமுன் பத்து நிமிடம் பாருங்கள்.

தேர்வு பிற்பகல் 2 மணிக்கு. மதிய உணவுக்குப்பின் உறங்கிப் பழகியவர் இவ்வாரத்தில் அவ்வழக்கத்தை மாற்றி, அந்நேரத்திலேயே எழுதிப் பழகுங்கள். மூன்று மணி நேரத்தில் 100 மதிப்பெண். 14 மதிப்பெண் வினாவுக்கு ஏறத்தாழ 25 நிமிடம். அதற்கு மேல் ஒரு வினாவில் தங்காதீர்கள். 30 மதிப்பெண் கொள்குறி வினாக்களுக்கு இடைநிலை, இறுதி நிலைத் தேர்வுகளில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. எனவே ஒன்றையும் வெறுமையாக விடாதீர்கள். ஒரு தாள் முடிந்தபின் விடைகளை ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள். அது போன தாளைத் திருத்தாது. வரும் தாளைக் கெடுக்கும்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு சொல். கதிரவன் மறைந்தபின் உண்ணாத நெறியை நம் பிள்ளைகள் பலர் காக்கின்றனர். தேர்வு 5 மணிக்கு முடிகிறது. இறுதி நிலையின் ஆறாம் தாளோ 6 மணி வரை செல்லும். ஜனவரியில் அது பொழுது சாயும் வேளையை நெருங்கிவிடும். ஆறாம் தாளன்று நண்பகல் உணவை நிறைவாகக் கொடுங்கள். மற்ற நாள்களில் மாலை உணவைக் கையிலெடுத்துக்கொண்டு தேர்வுக்கூட வாயிலிலேயே காத்திருங்கள். செப்டம்பர் தேர்வு தசலட்சண நோன்பு நாள்களை ஒட்டி வருவதுண்டு. எவ்வளவு நோன்பு இயலும் என்பதை முன்னதாகவே பெரியோரைக் கலந்து முடிவு செய்துகொள்ளுங்கள்; தேர்வு நாள் காலையில் அதைப் பற்றி வீட்டில் வாதம் வேண்டா. ஏழு மணி நேர உறக்கத்தைக் காத்துக்கொடுங்கள். "முடித்துவிட்டாயா?" என்று வினவாதீர்கள், "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள்.

நான் தவறிய செய்தியோடு வீடு திரும்பிய அன்று, என் தந்தையார் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை, "அடுத்த தேர்வுக்குப் பணம் எப்போது கட்ட வேண்டும்?" என்றார். அவ்வளவே. அம்முறை நான் எந்த மலைக்கும் செல்லவில்லை. புதிய புத்தகம் ஒன்றும் வாங்கவில்லை. வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, பழைய குறிப்புகளை மூடி மூடி எழுதிப் பார்த்தேன், தேறினேன். இப்போது தேர்வு ஆண்டுக்கு மூன்று முறை வருகிறது. தவறினாலும் வாயில் அடைபடுவதில்லை என்பதை நம் பிள்ளைகள் நம் முகத்திலிருந்தே அறிய வேண்டும்.

செல்வங்களே, இவ்வூரின் குளிர்ச்சியை இரண்டு நாள் நுகர்ந்து, மனம் தெளிந்து வீடு திரும்புங்கள். இறுதி வாரத்தில் உங்களுக்குத் தெரிந்ததை நம்புங்கள். வெற்றி உங்களுடையதாகுக.