வாயில் ஒன்றன்று
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பாட்டும் நாடகமும் கண்டு மகிழக் கூடியிருக்கும் இம்மேடையில் விண்ணப்பத் தாளையும் முத்திரையையும் பற்றிப் பேசுவது பொருந்துமோ என நாம் சற்றே தயங்கியதுண்டு. எனினும், பிழைப்பு நாடி மும்பைக்கு வந்த நம்மவர் ஒருவருக்கொருவர் துணை நிற்பதற்கென்றே இத்தகைய சங்கங்கள் தோன்றின. ஆதலின், நம்மிடையே கேட்பாரற்றிருக்கும் சிலரைப் பற்றி இங்குப் பேசாவிடில் வேறெங்கே பேசுவது?

நாம் அறிந்த குடும்பம் ஒன்று தாராவியில் வாழ்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மூத்த மகனுக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். இப்போது வயது பதினேழு. அவனைப் பற்றி அரசின் ஏடு எதிலும் ஒரு வரியேனும் இல்லை. காரணம் வினவினோம். மகாராஷ்டிர அரசின் சஞ்சய் காந்தி நிராதார் திட்டத்தில் உதவித்தொகை பெற இம்மாநிலத்தில் 15 ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும் என்று யாரோ கூறினராம். ‘நமக்கு ஒன்றும் கிடையாது’ என்று தந்தையார் அன்றே ஓய்ந்துவிட்டார். அவர் கேட்டது பொய்யன்று. ஆனால் ஒரு வாயில் மூடியிருக்கக் கண்டு, எல்லா வாயில்களும் மூடியவை என எண்ணியதே பிழை.

இத்துறையில் நாடு நெடுந்தொலைவு வந்துள்ளது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றது. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ள 2016ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டமோ 21 வகைகளை ஏற்கிறது. இதன் பெயரிலேயே ‘உரிமை’ என்னும் சொல் அமைந்திருப்பதைத் தாங்கள் கருத வேண்டும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாற்றுத் திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அவர்கள் பெறுவது பிச்சையன்று. சட்டம் வகுத்த பங்கு.

அப்பங்கைப் பெறுதற்கு முதற்படி மருத்துவச் சான்றும், அதனோடு வரும் தனித்துவ அடையாள அட்டையுமாகும். 2021 ஜூன் முதல் இதற்கு ‘சுவாவலம்பன்’ இணையத்தளத்தின் வழியே விண்ணப்பிக்க வேண்டும். முகவரிச் சான்றில் கண்ட மாவட்டத்திலேயன்றி, சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையிலும் விண்ணப்பிக்க விதிகள் இடந்தருகின்றன. ஊரிலேயே ரேஷன் அட்டையை வைத்துவிட்டு வந்தோர்க்கு இது பேருதவி. இவ்வாறு பெற்ற சான்று நாடு முழுவதும் செல்லும் என்பதைச் சட்டமே கூறுகிறது. நெல்லையில் பெற்றது மும்பையிலும் செல்லும். மும்பையில் பெற்றது தில்லியிலும் செல்லும்.

இனி, இடம்பெயர்ந்த நாம் அறிய வேண்டிய வேறுபாடு ஒன்றுண்டு. சில உதவிகள் நம்முடன் பயணம் செய்யும். சில மாநில எல்லையில் நின்றுவிடும். மாதந்தோறும் மாநில அரசு வழங்கும் உதவித்தொகை நின்றுவிடும் வகை. மகாராஷ்டிரத்தின் 15 ஆண்டு நிபந்தனையும், தில்லியின் ஐந்தாண்டு நிபந்தனையும் இத்தகையவை. உடன்வரும் வகையோ சிறிதன்று. நூற்றுக்கு 40 அல்லது அதற்கு மேல் குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. அரசு உயர்கல்வி நிலையங்களில் குறைந்தது 5 விழுக்காடும், மத்திய அரசுப் பணிகளில் குறைந்தது 4 விழுக்காடும் இடங்கள் இத்தகையோர்க்கு ஒதுக்கப்பட வேண்டும். சக்கர நாற்காலி, செவிக்கருவி முதலியவற்றை வருமான வரம்புக்குட்பட்டோர்க்கு வழங்கும் மத்திய அரசுத் திட்டம் 1981 முதல் நடந்து வருகிறது.

மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கிற்கும் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் தனியே துணை நிற்கிறது. ‘நிராமயா’ என்னும் காப்பீட்டின் வழியே ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஈடுசெய்து கொள்ளலாம். பதினெட்டு வயது நிரம்பியபின் பெற்றோர் தாமாகவே சட்டப்படிக் காப்பாளர் ஆகிவிடுவதில்லை. மாவட்டந்தோறும் உள்ள உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்து நியமனம் பெற வேண்டும். இதை அறியாமல் வங்கியில் தவிக்கும் பெற்றோர் பலர்.

மருத்துவர் குறித்த விழுக்காடு தவறெனத் தோன்றினால் மேல்முறையீடு செய்யலாம். அலுவலகம் அலைக்கழித்தால் மாநில ஆணையரிடம் முறையிடலாம். ஹாஜி அலியில் 1955இல் நிறுவப்பட்ட உடல் இயக்க மறுவாழ்வு நிலையமும், பாந்த்ராவில் உள்ள அலி யாவர் ஜங் செவிப்புலன் நிலையமும் நாம் நாள்தோறும் பேருந்தில் கடந்து செல்பவையே. கடந்து சென்றோமேயன்றி உள்ளே சென்றோமில்லை.

ஏன்? அறியாமை பாதி, நாணம் பாதி. நாம் மேற்சொன்ன தாயார் சென்ற ஆண்டு விழாவிற்கு வந்தபோது மகனை அண்டை வீட்டாரிடம் விட்டு வந்தார். ‘நாலு பேர் பார்த்தால் மகளுக்கு வரன் அமையாது ஐயா’ என்றார். அந்த நாலு பேர் யார்? இங்கு அமர்ந்திருக்கும் நாமல்லவா? அவனுக்குரிய பன்னிரண்டு ஆண்டுக் கல்வி உரிமையில் பதினோராண்டு வீணாயின. அப்பழியில் நமக்கும் பங்குண்டு.

ஆகவே ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு ஞாயிறு மாலை நம் சங்கத்தின் படிப்பகத்தைத் திறந்து வைப்போம். கணினி பழகிய இளைஞர் இருவரும், மராத்தியில் எழுதவல்லார் ஒருவரும் அங்கிருந்தால் போதும். விண்ணப்பம் நிரப்புவதும், மருத்துவமனைக்கு உடன் செல்வதும் பெரும்பொருள் வேண்டாப் பணிகள். கூலி இழந்து தனியே அலையும் தந்தைக்கோ அவை மலை.

அம்மகனுக்கான விண்ணப்பம் சென்ற மாதம் அனுப்பப்பட்டுவிட்டது. பதினெட்டு நிரம்புமுன் சான்று கைக்கு வரும் என நம்புகிறோம். அடுத்த ஆண்டு விழாவில் முன்வரிசையில் ஒரு நாற்காலியை எடுத்துவிட்டு, சக்கர நாற்காலிக்கு இடம் விட்டு வைக்குமாறு விழாக் குழுவினரை இப்போதே கேட்டுக்கொள்கிறோம்.