இரண்டாவது இடம் வேண்டாம் என்ற ஜோன்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நிர்வாகத்தில் பெண்கள் என்று தலைப்புக் கொடுத்தாங்க. நான் அமெரிக்காவின் ஜோன் கான்ஸ் கூனி அம்மாவைப் பற்றிச் சொல்றேன். குழந்தைகளுக்கான டிவி நிகழ்ச்சியை ஒரு பெரிய நிறுவனமாகவே நடத்தியவர்.

1929-ல் அரிசோனாவில் பிறந்தார். பத்திரிகையில் எழுதி, பிறகு நியூயார்க் போய் டிவியில் ஆவணப்படம் எடுத்தார். 1966-ல் அவர் வீட்டு விருந்துக்கு லாயிட் மாரிசெட் வந்தார். தன் சின்ன மகள் விடியறதுக்கு முன்னாடியே எழுந்து, நிகழ்ச்சி தொடங்காத டிவியையே பார்த்துக்கிட்டு இருக்கான்னு சொன்னார். விளம்பரப் பாட்டைப் பிள்ளைங்க மனப்பாடமா ஒப்பிக்குதே, அதே வழியில் எழுத்தும் எண்ணும் சொல்லித் தரலாமேன்னு பேச்சு வளர்ந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைங்க பள்ளியில் சேரும்போதே பின்தங்கி நிற்கக் கூடாது என்பதுதான் நோக்கம்.

ஜோன் பல ஊருக்குப் போய் நிபுணர்களைப் பார்த்து அறிக்கை எழுதினார். அரசும் அறக்கட்டளைகளும் சேர்ந்து சுமார் 80 லட்சம் டாலர் ஒதுக்கின. பணம் வந்ததும் பேச்சு மாறிப்போச்சு. இவ்வளவு பெரிய வேலைக்கு ஒரு பெண் தலைமையா, யார் மதிப்பாங்கன்னு சிலர் இழுத்தாங்க. திட்டம் எழுதினதே அவர்தானே! இரண்டாவது இடம்னா எனக்கு வேண்டாம்னு ஜோன் உறுதியா நின்னார். 1968-ல் தலைமை அவருக்கே வந்தது.

நீங்க சிரிக்கிறது தெரியுது. கடன் மனுவோட போனப்ப, "வீட்டுல ஆம்பளை யாரும் வரலையா"ன்னு என்னையும் ஒரு அலுவலகத்துல கேட்டாங்க. அடுத்த மாசம் நம்ம பொறுப்பாளர் தேர்வு வருது. பேரு கேட்கும்போது தூணுக்குப் பின்னாடி போயிடாதீங்கக்கா.

1969 நவம்பர் 10-ல் 'செசமி ஸ்ட்ரீட்' தொடங்கியது. அதுக்கு முன்னாடி அவங்க செஞ்ச சோதனைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. டிவி பக்கத்திலேயே இன்னொரு திரையில் படங்களை மாத்திக்கிட்டே இருப்பாங்க. பிள்ளை எந்த இடத்தில் டிவியை விட்டுக் கண்ணைத் திருப்புதுன்னு குறிச்சுக்குவாங்க. பொம்மை இல்லாம மனுஷங்க மட்டும் தெருவில் பேசினா பிள்ளைங்க கவனிக்கலை. பொம்மையையும் மனுஷரையும் சேர்த்துக் காட்டக் கூடாதுன்னு நிபுணர்கள் சொல்லியிருந்தாங்க. பிள்ளைங்க கண்ணையே நம்பி, அந்த யோசனையைத் தள்ளிட்டாங்க. 'பிக் பேர்ட்' என்ற பெரிய மஞ்சள் பறவை அப்படித்தான் தெருவுக்கு வந்தது.

அந்தத் தெருவில் கறுப்பரும் வெள்ளையரும் ஒண்ணா இருந்தாங்க. அதனால 1970-ல் மிசிசிப்பி மாநிலக் குழு நிகழ்ச்சியை நிறுத்தியது. மக்கள் எதிர்ப்பால் மூணு வாரத்தில் திரும்ப வந்தது.

1975-ல் ஜோனுக்கு மார்பகப் புற்றுநோய். சிகிச்சை எடுத்துக்கிட்டுத் திரும்பவும் வேலைக்கு வந்தார். மானியத்தை மட்டும் நம்பாம, பொம்மை, புத்தகம் விற்ற வருமானத்தையும் நிகழ்ச்சிக்கே திருப்பினாங்க. நம்ம சுழல்நிதி மாதிரின்னு வச்சுக்குங்க. 1990 வரை தலைமையில் இருந்தார். 2006-ல் அதே நிகழ்ச்சி 'கலி கலி சிம் சிம்' என்ற பேரில் இந்தியாவுக்கும் வந்தது.