சும்மா கிடப்பது சுகமா?

(சுந்தரபாண்டியம் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது மேடைகளில் எவரும் எடுக்காத விஷயம். அதாவது, கடும் மனநோய் கொண்ட ஒருவரின் வாழ்வு நன்றாயிருக்கின்றதா இல்லையா என்பதை எப்படி அளப்பது என்பதாகும். "பைத்தியக்காரனுக்கு வாழ்வு ஒன்றா? அதற்கு அளவு வேறா?" என்று சிலர் சிரிக்கலாம். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் நாம் பேச வந்திருக்கின்றோம்.

நமது வீடுகளில் இருக்கும் அளவுகோல் என்ன? கத்துகின்றானா, சும்மா கிடக்கின்றானா என்பது ஒன்றுதான். கத்தினால் பேய், சும்மா கிடந்தால் குணம். கோடாங்கி உடுக்கடித்து, வேப்பிலையால் அடித்து, பிள்ளை சோர்ந்து விழுந்ததும் "பேய் ஓடிவிட்டது" என்று தட்சணை வாங்கிக்கொண்டு போகின்றான். ஓடியது பேயா, பிள்ளையின் பலமா என்று கேட்பாரில்லை.

இந்த அளவுகோல் எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள். இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த தனியார் விடுதியொன்றில், 2001 ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். முந்தின நாள் இரவு அவர்கள் சும்மாதான் கிடந்தார்கள். நமது அளவுகோலின்படி எல்லோரும் சுகமே! தர்கா என்பதால் இதைச் சொல்லவில்லை. பேயோட்டும் கோவிலானாலும், ஜெபக்கூட்டமானாலும் நமது கேள்வி ஒன்றேதான்.

வேறு அளவுகோல் உண்டா என்றால், உண்டு. உலக சுகாதார ஸ்தாபனம் 26 கேள்விகள் கொண்ட ஒரு தாளைத் தயாரித்திருக்கின்றது. அந்த வேலையில் சென்னையும் டில்லியும் பங்கு கொண்டன. உடம்பு, மனம், பிறரோடு உறவு, சுற்றுப்புறம் ஆகிய நான்கையும் அது விசாரிக்கின்றது. நன்றாகத் தூங்குகின்றீர்களா? செலவுக்குப் பணம் இருக்கின்றதா? நண்பர்களின் ஆதரவு திருப்தியா? இருக்கும் இடம் திருப்தியா? இவற்றைத் தகப்பனையோ பூசாரியையோ கேட்பதில்லை, சம்பந்தப்பட்டவரையே கேட்கின்றது.

"புத்தி பேதலித்தவன் சொல்லுவதை எப்படி நம்புவது?" என்பார்கள். நோய் ஓரளவு அடங்கியிருக்கும்போது கேட்டால், மனச்சிதைவு உள்ளவர்களும் முன்னுக்குப்பின் முரணின்றிப் பதில் சொல்லுகின்றார்கள் என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. காதில் பொய்க்குரல் கேட்பவருக்குப் பசி பொய்யாகிவிடுமா? அவமானம் பொய்யாகிவிடுமா?

ஆனால் மற்றொரு கேள்வி நியாயமானது. பல வருஷம் மூலையில் கிடந்தவர் "எனக்கு ஒரு குறையுமில்லை" என்றே சொல்லிவிட்டால் என்ன செய்வது? தோழர்களே! இது நமக்குப் புதிய கேள்வியா? கோவிலுக்குள் விடாத காலத்தில், தெருவில் நடக்கவிடாத காலத்தில், "எங்கள் தலைவிதி, நாங்கள் சுகமாகவே இருக்கின்றோம்" என்று சொன்னவர்கள் எத்தனை பேர்! அந்தத் திருப்தியை நீதியென்று நாம் ஒப்புக்கொண்டோமா? எதிர்பார்க்கும் உரிமையையே பறித்துவிட்டால் எவனும் திருப்தியாகத்தான் இருப்பான். ஆகையால் அவர் சொல்லைக் கேட்பதோடு, அவர் கை காலையும், தட்டையும், படுக்கையையும் நம் கண்ணால் பார்க்கவேண்டும். இரண்டும் சேர்ந்ததுதான் அளவு.

"கோவிலில் குணமாகின்றதே" என்பார்கள். அதையும் அளந்தே பார்த்திருக்கின்றார்கள். வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோவிலில் தங்கிய 31 பேரைப் பெங்களூர் டாக்டர்கள் சோதித்து 2002-ல் வெளியிட்டார்கள். நோய்க்குறி மதிப்பு சராசரி 52.9-லிருந்து 42.9-க்கு இறங்கியிருந்தது. நாம் இதை மறைக்கவில்லை. ஆனால் அங்கே நடந்ததென்ன? பேயோட்டும் சடங்கு இல்லை. சொந்தக்காரர் ஒருவர் கூடவே தங்கினார். காலையில் சிறிது நேரம் பூசை; மற்ற நேரம் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் விடுவது. பயமுறுத்தாத, ஆதரவான சூழலே காரணமாயிருக்கலாம் என்று டாக்டர்களே எழுதினார்கள். கூட ஒரு மனிதர், கைக்கு ஒரு வேலை, அடியில்லாத நாள் இவற்றைக் கொடுக்கச் சாமி எதற்கு? நம் வீட்டுத் திண்ணை போதாதா? மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நன்றல்லவா?

சட்டமும் இன்று நம் பக்கம் இருக்கின்றது. 2017-ம் வருஷத்து மனநலச் சட்டப்படி மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியிடக்கூடாது. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் மனநோயும் சேர்ந்திருக்கின்றது. தன்னைப் பேணல், பிறரோடு பழகல், பேசிப் புரிந்துகொள்ளல், வேலை ஆகிய நான்கையும் டாக்டர் அளந்து, நூற்றுக்கு 40-க்குக் குறையாத ஊனமென்றால் சர்டிபிகேட் உண்டு. 14416 என்ற எண்ணுக்கு எந்நேரமும் டெலிபோன் செய்து யோசனை கேட்கலாம், காசில்லை.

ஆகவே தோழர்களே, இன்றிரவு வீடு திரும்பியதும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒருவர் இருந்தால், எதிரே உட்கார்ந்து, "சாப்பிட்டாயா, தூங்கினாயா, உனக்கு என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள். கட்டு இருந்தால் அவிழ்த்துவிட்டுக் கேளுங்கள். பிறகு கோடாங்கிக்கு வைத்த பணத்தை பஸ் செலவுக்கு எடுத்துக்கொண்டு சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். சுயமரியாதை என்பது புத்தி தெளிந்தவனுக்கு மாத்திரம் உள்ள சொத்தல்ல.