சல்லடையில் நம் சரக்கு

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று என்னைப் பேசச் சொல்லியிருப்பது ஒரு புத்தகத்தைப் பற்றி. அமெரிக்க தேசத்து வான சாஸ்திரி கார்ல் சேகன் என்பவர் எழுதிய 1995-ஆம் வருஷத்துப் புத்தகம். "பேய் பிடித்த உலகம்" என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். விஞ்ஞானம் என்பது இருட்டில் ஏற்றிய மெழுகுவத்தி என்பது அதன் துணைப் பெயர். அந்த வார்த்தை அவருடைய சொந்தச் சரக்கல்ல. 1656-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் தாமஸ் ஏடி என்பவர், சூனியக்காரி என்று சொல்லிப் பெண்களைத் தூக்கில் போடுவதைக் கண்டித்து ஒரு புத்தகம் எழுதினார். அதன் பெயரிலிருந்து எடுத்துக்கொண்டதாக சேகனே ஒப்புக்கொள்ளுகிறார்.

சேகன் பெரிய இடத்துப் பிள்ளையல்ல. நியூயார்க் பட்டணத்தில் புரூக்ளின் பகுதியில் துணி தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்தவருடைய மகன். தன் தாய் தகப்பனாருக்கு விஞ்ஞானம் ஒன்றும் தெரியாது என்றும், ஆனால் எதையும் சந்தேகிக்கவும் எதைக் கண்டும் வியக்கவும் தனக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் அவர்களே என்றும் முன்னுரையில் எழுதியிருக்கிறார். புத்தகம் வெளிவந்து அதிக நாள் ஆகுமுன்னரே, 1996 டிசம்பர் 20-ந் தேதி, தமது 62-வது வயதில் காலமானார்.

நான் காலேஜ் படித்தவன் அல்ல. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆறு மாதம் போராடித்தான் இதைப் படித்தேன். எதற்காகப் படித்தேன் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மேடையில் வைதீகர்களை அடிப்பதற்குக் கைக்கு நல்ல தடி கிடைக்குமா என்று பார்க்கவே படித்தேன். தடி கிடைத்தது. ஆனால் அதன் மறு நுனி என் முதுகிலேயே விழுந்தது. அந்தக் கதையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் தடியைக் காட்டுகிறேன். பிரான்சு தேசத்தில் லூர்து என்று ஒரு ஊர். 1858-ஆம் வருஷத்தில் அங்கே ஒரு சிறு பெண்ணுக்கு மேரி மாதா காட்சி கொடுத்ததாகச் சொல்லி, அன்று முதல் நோயாளிகள் கூட்டங்கூட்டமாகப் போகிறார்கள். சேகன் எழுதிய காலம் வரையில் போனவர்கள் சுமார் பத்துக் கோடிப் பேர். அதில் அற்புதம் என்று கத்தோலிக்க சபை ஒப்புக்கொண்டவை சுமார் 65. அந்த 65-ல் புற்றுநோய் மூன்றே மூன்று. சேகன் இதைக் கேலி செய்யவில்லை, கணக்குப் போடுகிறார். புற்றுநோய் வைத்தியமின்றித் தானாகவே மறைந்துபோவது பதினாயிரத்தில் ஒருவருக்கோ லட்சத்தில் ஒருவருக்கோ நடப்பதுண்டு. லூர்துக்குப் போனவர்களில் நூற்றுக்கு அய்ந்து பேர்தான் புற்றுநோய்க்காரர்கள் என்று வைத்துக்கொண்டாலும் அய்ம்பது லட்சம் பேர் ஆகிறது. அவர்களில் 50 பேர் முதல் 500 பேர் வரையில், எந்த மாதா தயவும் இல்லாமலே, குணமாகியிருக்கவேண்டும். கிடைத்ததோ மூன்று! வீட்டிலேயே இருந்திருந்தால் இதைவிட அதிகம் பேர் பிழைத்திருப்பார்கள் போல் இருக்கிறதே என்கிறார். கைதட்டுகிறீர்கள், நானும் படித்தபொழுது தட்டினேன். கொஞ்சம் பொறுங்கள்.

அடுத்தது அவர் சொல்லும் டிராகன் கதை. என் மோட்டார் கொட்டகையில் நெருப்பைக் கக்கும் டிராகன் என்னும் பூதம் ஒன்று இருக்கிறது என்று ஒருவன் சொல்லுகிறான். வந்து பார்த்தால் ஒன்றுமில்லை. "அது கண்ணுக்குத் தெரியாது" என்கிறான். தரையில் மாவைத் தூவிக் காலடி பார்க்கலாமே என்றால், "அது தரையில் படாமல் மிதக்கும்" என்கிறான். உஷ்ணம் அளக்கும் கருவியை வைப்போம் என்றால், "அதன் நெருப்பில் சூடு கிடையாது" என்கிறான். மேலே சாயத்தைப் பீச்சுவோம் என்றால், "அதற்கு உடம்பே இல்லை, சாயம் ஒட்டாது" என்கிறான். அப்படியானால் இப்பேர்ப்பட்ட டிராகன் இருப்பதற்கும் இல்லாமலிருப்பதற்கும் என்ன வித்தியாசம் என்பதே சேகன் கேட்கும் கேள்வி.

இது சிரிக்கத்தக்க கதைதான். ஆனால் இதே நியாயத்தை ஒரு நீதிபதி பேசினால் என்ன ஆகும்? அதற்கும் இந்தப் புத்தகத்திலேயே ஜவாப் இருக்கிறது. ஜெர்மனி தேசத்தில் பிரெடரிக் வான் ஸ்பே என்று ஒரு பாதிரியார் இருந்தார். சூனியக்காரி என்று தீர்ப்பான பெண்களிடம் பாவமன்னிப்புக் கேட்பது அவர் பார்த்துவந்த வேலை. அந்தப் பெண்கள் கடைசி நேரத்தில் சொன்னதை எல்லாம் காதால் கேட்டவர். 1631-ஆம் வருஷத்தில் தன் பெயரைப் போடாமல் லத்தீனில் ஒரு புத்தகம் வெளியிட்டார். பெயர் போட்டிருந்தால் அவரையும் சும்மா விட்டிருக்க மாட்டார்கள். விசாரணை எப்படி நடக்கிறது என்று அதிலே பிட்டுப் பிட்டு வைக்கிறார். ஒருத்தி துர்நடத்தைக்காரி என்றால், ஆகவே சூனியக்காரி. நல்ல நடத்தைக்காரி என்றால், சூனியக்காரிகள் வெளிக்கு நல்லவர்கள் போலத்தான் நடிப்பார்கள், ஆகவே சூனியக்காரி. பிடித்து வந்தவுடன் பயந்தால், குற்றமுள்ள நெஞ்சு. பயப்படாவிட்டால், சாத்தான் தைரியம் கொடுக்கிறான். சித்திரவதையில் ஒப்புக்கொண்டால் குற்றம் ருசுவாகிவிட்டது. ஒப்புக்கொள்ளாவிட்டால் வலியைத் தாங்கும் சக்தியைச் சாத்தான் கொடுத்திருக்கிறான், மறுபடியும் மாட்டு! கூட இருந்தவர்கள் யார் என்று வலியில் கேட்டால் வாய்க்கு வந்த பெயரைச் சொல்லுவாள். மறுநாள் அந்தப் பெயருக்குரியவளும் வந்து சேருவாள். இம்மாதிரி விசாரித்தால் யாரைத்தான் சூனியக்காரியாக்க முடியாது என்று ஸ்பே கேட்கிறார். பிஷப்புகளையும் பாதிரிகளையும் இப்படிப் பிடித்து வந்தாலும் அவர்களும் ஒப்புக்கொள்ளத்தான் செய்வார்கள் என்பது அதன் கருத்து.

தோழர்களே! இந்த ஸ்பே யார்? சேசு சபைப் பாதிரி. கடவுள் இல்லை என்று சொன்னவரல்ல. பேய் இல்லை என்றுகூட வாய்விட்டுச் சொன்னவரல்ல. 1635-ல் டிரியர் நகரத்தில் கொள்ளைநோய் கண்ட சிப்பாய்களுக்குச் சிசுருஷை செய்து, அதே நோயால் இறந்தவர். அங்கி போட்டவன் எல்லாம் அயோக்கியன் என்று எத்தனையோ கூட்டங்களில் பேசிய எனக்கு இந்த இடத்தில் தொண்டையில் முள் சிக்கியது. அத்தனை பெரிய படிப்பாளிகளும் நீதிபதிகளும் வாய் மூடியிருந்த காலத்தில் கணக்கைச் சரிபார்த்துச் சொன்னவர் ஒரு பாதிரிதானே?

நிற்க. இனிமேல்தான் என் சங்கதி.

அய்ரோப்பாவில் சூனியக்காரிகள் என்று 90 லட்சம் பெண்களை மதத்தின் பெயரால் எரித்தார்கள் என்பதை நான் பல வருஷங்களாக மேடைதோறும் சொல்லி வந்தேன். உங்களில் பலர் என் வாயால் கேட்டிருப்பீர்கள். "90 லட்சம்" என்றவுடன் கூட்டத்தில் ஒரு பெருமூச்சு கிளம்பும். அந்தப் பெருமூச்சு எனக்கு ருசியாக இருந்தது. ஒரு ஊரில் கூட்டம் முடிந்ததும் காலேஜில் படிக்கும் ஒரு பெண் வந்து, "அய்யா, அந்த 90 லட்சத்துக்கு ஆதாரம் எந்தப் புத்தகம்?" என்று மரியாதையாகக் கேட்டது. "எல்லாரும் சொல்லுவதுதான் அம்மா" என்றேன். சொன்ன மாத்திரத்தில் என் காதே கூசிற்று. "எல்லாரும் சொல்லுகிறார்கள், பெரியவர்கள் சொன்னார்கள்" என்பது யாருடைய பதில்? புரோகிதனுடைய பதில் அல்லவா?

வீட்டுக்கு வந்து தேடினேன். மாதக் கணக்கில் தேடினேன். கண்டது இது: 1784-ஆம் வருஷத்தில் வாய்ட் என்னும் ஜெர்மானியர் ஒருவர், குவெட்லின்பர்க் என்னும் ஒரே ஊரின் பழைய தஸ்தாவேஜுகளில் சில விசாரணைகளைக் கண்டார். அதை வைத்துக்கொண்டு, இந்த ஊரில் இத்தனை வருஷத்தில் இத்தனை பேர் என்றால் அய்ரோப்பா முழுமைக்கும் பல நூற்றாண்டுகளுக்கும் எத்தனை பேர் என்று பெருக்கினார். 90 லட்சத்துச் சொச்சம் வந்தது. ஒரு குளத்தில் நாலு மீன் பிடித்தவன் சமுத்திரத்து மீனை எல்லாம் எண்ணிச் சொன்னது போலத்தான். அவர் கெட்ட எண்ணத்தோடு செய்தவரல்ல. அவரும் சூனிய விசாரணையைக் கண்டித்தவரே. ஆனால் அந்த எண் கத்தோலிக்க சபையைக் குறை சொல்ல விரும்பிய ஒவ்வொருவருக்கும் தோதாக இருந்ததால் கைமாறிக் கைமாறி என் வாய் வரைக்கும் வந்து சேர்ந்தது.

பிற்காலத்துச் சரித்திராசிரியர்கள் ஊர் ஊராக நீதிமன்றப் பதிவுகளை எடுத்து எண்ணி வந்த கணக்கு, சுமார் 40,000 முதல் 60,000 வரை. அதில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். சபை நீதிமன்றங்களைவிட ஊர் நீதிமன்றங்களே அதிகம் பேரைக் கொன்றன என்பதும், கத்தோலிக்கரைப் போலவே புராட்டஸ்டண்டுகளும் எரித்தார்கள் என்பதும் அந்தப் பதிவுகளிலிருந்து தெரிகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால் சேகனும் தப்பவில்லை. தமது ஏழாவது அத்தியாயத்தில், கொல்லப்பட்டவர்கள் எத்தனை என்று யாருக்கும் தெரியாது, லட்சக்கணக்காக இருக்கலாம், பத்து லட்சக்கணக்காகவும் இருக்கலாம் என்று எழுதிவிட்டார். சல்லடை செய்து கொடுத்தவரே ஒரு படி அரிசியைச் சலிக்காமல் உலையில் போட்டுவிட்டார். அதற்காக அவர் யோக்கியதை போய்விட்டதா? அவருக்கு அந்தப் பயம் இருந்ததாகத் தெரியவில்லை. ஏனென்றால் தாம் செய்த தவறுகளைத் தாமே அந்தப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். 1991-ஆம் வருஷத்து யுத்தத்தில் குவெய்த் தேசத்து எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்தால், புகை வெகு உயரத்துக்கு ஏறி ஆசியாவில் விவசாயத்தையே கெடுக்கக்கூடும் என்று முன்கூட்டி எச்சரித்தவர்களில் அவர் ஒருவர். தீ வைத்தார்கள், அறுநூறு கிணறுகளுக்கு மேல் எரிந்தன, பாரசீகக் குடாவில் நடுப்பகலில் இருட்டிற்று. ஆனால் புகை அவ்வளவு உயரம் ஏறவில்லை, ஆசியா தப்பியது. நான் சொன்னது பலிக்கவில்லை என்று அச்சில் போட்டுவிட்டார். எந்த ஜோசியனாவது, எந்த மடாதிபதியாவது இப்படி ஒரு பக்கம் எழுதியதுண்டா? அதைவிட, நம்மில் எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்?

இதை நான் சொன்னபொழுது நம் தோழர் ஒருவர் கோபித்துக்கொண்டார். "90 லட்சம் என்று இருந்தால் என்ன, 50,000 என்று இருந்தால் என்ன? ஒரு பெண்ணை எரித்தாலும் அக்கிரமம்தானே? நீர் எண்ணைக் குறைத்துச் சொன்னால் எதிரி அல்லவா சந்தோஷப்படுவான்?" என்றார். ஒரு பெண்ணை எரித்தாலும் அக்கிரமம்தான், வாஸ்தவம். அப்படியானால் அந்த அக்கிரமத்தைக் காட்டப் பொய் எண் எதற்கு? எதிரி எவனாவது அந்த எண்ணைத் தட்டிவிட்டால், எரிந்துபோன அந்த 50,000 பேரும் கட்டுக்கதை என்று ஜனங்கள் நினைத்துவிட மாட்டார்களா? அந்தப் பெண்களுக்கு நான் செய்த கெடுதி அதுதான். நமக்குப் பிடித்த சங்கதி என்றால் சலிக்காமல் விழுங்குவதும், பிடிக்காத சங்கதி என்றால் ஆதாரம் கேட்பதும் பகுத்தறிவு ஆகுமா? பக்தனும் அதைத்தானே செய்கிறான்? அவன் மாற்று மதத்து அற்புதங்களை ஒன்றுகூட நம்புவதில்லையே!

இன்னொரு விஷயம். புத்தகத்தின் ஆரம்பத்தில் ஒரு மோட்டார் வண்டி ஓட்டுகிறவர் வருகிறார். சேகனை ஏற்றிக்கொண்டு போகிறவர், விஞ்ஞானியாச்சே என்று ஆவலோடு கேட்கிறார். வேற்றுக் கிரகத்து ஆட்களை உறைய வைத்திருக்கிறார்களாமே, செத்தவர்கள் பேசுகிறார்களாமே, கடலில் முழுகிய கண்டம் உண்டாமே என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கிறார். ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் போதாது, ஆதாரம் போதாது என்று சேகன் சொல்லிக்கொண்டே வருகிறார். அந்த மனிதர் முகம் வாடுகிறது. அப்பொழுதுதான் சேகனுக்குத் தைக்கிறது: இவர் மூடரல்ல, அறிய ஆசையுள்ளவர், ஆனால் நல்ல சரக்கை இவரிடம் யாரும் கொண்டுவந்து கொடுக்கவில்லை. "நாங்கள் புத்திசாலிகள், நீங்கள் முட்டாள்கள்" என்று பேசும் சந்தேகவாதிகளைப் பின்னால் ஒரு இடத்தில் அவர் நன்றாகவே கண்டிக்கிறார்.

அதைப் படித்ததும் அதே 1995-ஆம் வருஷம் செப்டம்பர் 21-ந் தேதி என் ஞாபகத்துக்கு வந்தது. பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று தேசமெங்கும் ஒரே நாளில் பரவிற்றே, அந்த நாள். நான் பள்ளிக்கூடப் பையன். என் தாயார் ஒரு டம்ளர் பாலோடு போனார்கள். தெருமுனையில் நம் கொள்கைக்காரர் ஒருவர் நின்றுகொண்டு, வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்து, "மூளையை வீட்டில் வைத்துவிட்டு வந்தீர்களா?" என்று கேட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். பிறகு ஆயுள் முழுவதும் நம் கூட்டம் ஒன்றுக்கும் வரவில்லை. மகனே பேசிய கூட்டத்துக்கும் வரவில்லை.

அந்தச் சமயத்தில் டெல்லியில் சர்க்கார் விஞ்ஞான இலாகாவைச் சேர்ந்தவர்கள் என்ன செய்தார்கள்? பாலில் சாயத்தைக் கலந்து கரண்டியில் வைத்தார்கள். சிலையின் மேல் பால் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு கீழே வழிந்து ஓடுவது நிறத்தில் தெரிந்துவிட்டது. திரவத்தின் பரப்பு இழுவிசை கரண்டியிலிருந்து பாலை இழுக்கிறது, அவ்வளவுதான். எங்கள் அம்மா மாடு வைத்துப் பால் விற்றுப் பிழைத்தவர்கள். படியைச் சாய்த்தால் பால் விளிம்பைப் பற்றிக்கொண்டு வெளிப்புறமாகவே வழியும் என்பது அவர்களுக்குத் தெரியாததா? ஒரு சிட்டிகை சாயத்தோடு யாராவது பக்கத்தில் வந்து, "இதைப் பாருங்கள் அம்மா" என்றிருந்தால், அந்தத் தெருவில் முதலில் புரிந்துகொண்டிருப்பவர்கள் அவர்கள்தான். அன்று அந்தத் தோழருக்கு வசவுதான் வாய்க்கு வந்தது. பின்னாளில் அதே வசவை நானும் எத்தனையோ தெருமுனைகளில் வீசியிருக்கிறேன்.

ஆதாரம் கேட்ட அந்தப் பெண்ணுக்கு நான் தகவல் எழுதிவிட்டேன். 90 லட்சம் என்று பேசிய ஊர்களில் இதுவரை நாலு ஊருக்குத்தான் மறுபடியும் போய்த் திருத்திச் சொல்ல முடிந்தது. இந்த ஊர் அய்ந்தாவது. இதே இடத்தில், மூன்று வருஷங்களுக்கு முன்பு, நான் அதைச் சொன்னேன். அன்று கேட்டவர்கள் வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் அவர்களிடமும் தயவு செய்து திருத்திவிடுங்கள்.

புத்தகத்தை இந்த வாசகசாலைக்கே விட்டுப் போகிறேன். ஏழாவது அத்தியாயத்தில் அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் 40,000 முதல் 60,000 என்று எழுதியிருக்கிறேன். அதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வரலாம். குறிப்பு நோட்டு பையில் இருக்கிறது. கடைசி பஸ் ஒன்பதரை மணிக்குத்தான்.