கறிவேப்பிலைக்குள் ஒரு மனிதர்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"காரியம் முடிந்ததும் கறிவேப்பிலை மாதிரி தூக்கிப் போட்டுவிட்டார்கள்" என்று நாம் சொல்வதுண்டு. அந்தக் கறிவேப்பிலையின் அறிவியல் பெயருக்குள் ஒரு மனிதர் இருக்கிறார். அவரையும் நாம் அப்படித்தான் இலை ஓரத்தில் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அவர் பெயர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக். 1728-ல் லிவோனியாவில், அதாவது இன்றைய லாட்வியா பகுதியில் பிறந்தவர். ஸ்வீடனில் லின்னேயஸிடம் படித்தவர். ஒவ்வொரு செடிக்கும் இரண்டே சொல்லில் பெயர் என்ற முறையை நிலைநிறுத்தியவர்தான் லின்னேயஸ். அதற்கு முன்னால் ஒரு செடியின் பெயர் ஒரு முழு வரிக்கு நீளும். ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவார்கள்.

கோனிக் 1768-ல் தரங்கம்பாடிக்கு மிஷன் மருத்துவராக வந்தார். ஸ்ரீரங்கத்தைத் தழுவிக்கொண்டு போகும் நம் காவிரி, பூம்புகாரில் கடலைத் தொடுகிறது. அங்கிருந்து சற்றுத் தெற்கே, அன்று டேனிஷ்காரர்கள் வசம் இருந்த துறைமுகம் தரங்கம்பாடி. அங்கே இருந்துகொண்டு செடிகளைச் சேகரித்தார், உலர்த்தினார், ஆசிரியருக்கு அனுப்பினார். 1771-ல் லின்னேயஸ் கறிவேப்பிலைக்கு 'பெர்கெரா கோனிகீ' என்று மாணவர் பெயரையே சேர்த்து வைத்தார். பிற்பாடு அதை 'முர்ரயா கோனிகீ' என்று மாற்றினார்கள். இப்போது மறுபடியும் பெர்கெராவுக்கே திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். முன்பாதி எத்தனை முறை மாறினாலும், பின்பாதியில் கோனிக் அப்படியே இருக்கிறார்.

கறிவேப்பிலையை அவர் கண்டுபிடித்தாரா என்றால், இல்லை. அவர் வருவதற்கு எவ்வளவோ காலம் முன்பிருந்தே நம் பாட்டிமார்கள் தாளித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர் செய்தது, எழுதி வைத்தது. அந்த வேலைக்காகவே வேலை மாறினார். 1774-ல் ஆற்காடு நவாப் முகம்மது அலியிடம் இயற்கை ஆய்வாளராகச் சேர்ந்தார். 1751-ல் நம் திருச்சிக் கோட்டைக்குள் முற்றுகையில் சிக்கியிருந்தாரே, அதே முகம்மது அலிதான். 1778-ல் கோனிக் கிழக்கிந்தியக் கம்பெனிப் பணிக்குப் போனார்; சயாம், மலாக்கா வரை சென்று வந்தார். 1785-ல் காக்கிநாடா அருகே வயிற்றுக்கடுப்பால் இறந்தார். கடைசி நாட்களில் அவருக்கு வைத்தியம் பார்த்தவர் வில்லியம் ராக்ஸ்பர்க். பின்னாளில் கல்கத்தா தாவரவியல் பூங்காவை நடத்தி, சோழமண்டலக் கடற்கரைத் தாவரங்களைப் பற்றிப் பெரிய படநூல் வெளியிட்டவர் இவரே.

கோனிக் போனாலும் தரங்கம்பாடியில் வேலை நிற்கவில்லை. அங்கே மிஷனரியாக இருந்த ரோட்லர் 1799-1800-ல் தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பிய வழியில் பார்த்த செடிகளைக் குறித்து வைத்தார். தமிழ்-ஆங்கில அகராதி தொகுத்தவரும் இவர்தான். ஏறக்குறைய 200 ஆண்டுகள் கழித்து அந்தக் குறிப்புகளைத் தேடி எடுத்து, மொழிபெயர்த்து, விளக்கமும் வரைபடமும் சேர்த்து 1993-ல் வெளியிட்டவர் நம் ஊர்க்காரர் என்றே சொல்லலாம்: தூய வளனார் கல்லூரியின் பாதிரியார் கே. எம். மேத்யூ. அந்தக் கல்லூரியில் 1967-ல் ராபினட் உலர்தாவர நிலையத்தைத் தொடங்கியவர். தமிழகச் சமவெளித் தாவரங்களைப் பற்றி 1980-களில் பெருந்தொகுதிகள் கொண்டுவந்தவர்.

உலர்தாவரத் தாள் என்பது பெரிய வித்தை இல்லை. பூவோ காயோ உள்ள ஒரு கிளையைச் செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்திக் காயவைக்க வேண்டும். தடித்த தாளில் ஒட்டி, எந்த ஊர், என்ன தேதி, பறித்தவர் யார் என்று எழுத வேண்டும். அவ்வளவுதான். ஆனால் ஓர் ஊரில் ஒரு காலத்தில் என்ன வளர்ந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. மரம் போன பிறகும் தாள் பேசும். எழுதி வைக்காத மரம் போனால், அது இருந்ததே யாருக்கும் தெரியாது.

இதை இன்று சொல்ல ஒரு காரணம் உண்டு. பின்பக்கச் சுவரோரத்து மரங்களை வெட்டுவதா வேண்டாமா என்று அடுத்த பொதுக்குழுவில் முடிவெடுக்கப் போகிறோம். கார் நிறுத்த இடம் வேண்டும் என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வேர் கழிவுநீர்க் குழாய்க்குள் போகிறது என்பதும் உண்மை. ஆனால் அங்கே நிற்பவை எத்தனை, என்னென்ன என்று கேட்டால் நம்மில் பலருக்கும் "ஏதோ மரம்" என்பதுதான் பதில். புங்கையா, பூவரசா, சரக்கொன்றையா என்று தெரியாமல் கை தூக்கி வாக்களிப்பது சரியாகப் படவில்லை.

என் யோசனை சின்னது. வரும் ஞாயிறு காலை 6.30-க்குக் குழந்தைகளோடு வாசலில் கூடுவோம். ஒரு நோட்டில் ஒவ்வொரு மரத்தின் பெயர், நிற்கும் இடம், சுற்றளவு, எழுதிய தேதி ஆகியவற்றைக் குறிப்போம். பெயர் தெரியாததற்குக் கிளையைக் காயவைத்து எடுத்துப் போய்க் கல்லூரியில் கேட்போம். அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பொதுக்குழுவில் பேசுவோம். முடிவு எதுவானாலும், தெரிந்து எடுத்த முடிவாக இருக்கட்டும்.