ஆசனமும் அகிம்சையும்

ஓர் ஆசனத்தில் அமர்வது மிகச் சிறிய காரியம். பிரயாணி கட்டணத்தைக் கொடுக்கிறான். இடம் பார்த்து இருக்கிறான். தன் ஊர் வந்ததும் எழுந்து போகிறான். ஆயினும் அந்தச் சிறிய காரியம் ஒருவனுக்கு உரிமையாகவும் மற்றொருவனுக்கு விலக்காகவும் ஆகிவிடும்போது, அதுவே மானத்தின் பிரச்சினையாகிவிடுகின்றது.

1893ஆம் ஆண்டு யூன் மாதத்தில், முதல் வகுப்புச் சீட்டுடன் சென்ற காந்தியடிகள் தென்னாபிரிக்காவின் பீற்றர்மரித்ஸ்பேக் நிலையத்தில் புகையிரதத்திலிருந்து தள்ளப்பட்ட செய்தியை நேயர்கள் நன்கு அறிவர். அதற்கடுத்து நிகழ்ந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சாள்ஸ்ரவுணிலிருந்து குதிரைவண்டியிற் புறப்பட்ட அவரை வெள்ளையரோடு உள்ளே இருக்க விடாது, வெளியே வண்டியோட்டியின் பக்கத்தில் இருத்தினர். அதை அவர் பொறுத்துக்கொண்டார். பின்னர் வண்டித் தலைவன் அந்த இடத்தையும் தனக்கென விரும்பி, காலடிப் பலகையில் அழுக்குச் சாக்கொன்றை விரித்து, அதில் இருக்குமாறு பணித்தான். காந்தியடிகள் மறுத்தார். அடி விழுந்தது. அவர் பித்தளைக் கம்பியைப் பற்றிக்கொண்டாரேயன்றித் திருப்பி அடிக்கவுமில்லை. இடத்தை விட்டு இறங்கவுமில்லை. ஈற்றில் அடியை நிறுத்தியது, உள்ளே இருந்த வெள்ளைப் பிரயாணிகளின் குரலேயாகும். தாக்குபவன், தாக்கப்படுபவன் என்ற இருவரோடு, ஆசனத்தில் ஏற்கெனவே அமர்ந்திருக்கும் மூன்றாமவன் ஒருவனும் உளன் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

அதே நாட்டில் 1952இல் அநீதிச் சட்டங்களை எதிர்க்கும் இயக்கம் எழுந்தது. யூன் 26ஆம் நாள் நியூ பிறைற்றன் புகையிரத நிலையத்தில், வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்ட வாயிலினூடே றேமன்ட் முலாபாவும் தொண்டர்களும் அமைதியாக நுழைந்து சிறை சென்றனர். டேபனில், இந்திய வம்சாவளியினரான மருத்துவர் மொன்ரி நாய்க்கர் தொண்டர்களுக்குத் தலைமை தாங்கிச் சிறை புகுந்தார். அவ்வியக்கத்தில் 8,000 பேருக்கு மேல் கைதாயினர்.

மூன்றாண்டுகள் கழிந்தன. 1955 டிசம்பர் முதலாம் நாள், அமெரிக்காவின் மொன்ட்கோமரி நகரில் றோசா பார்க்ஸ் என்னும் தையற்காரப் பெண்மணி, பஸ் வண்டியில் வெள்ளையர் ஒருவருக்காக எழுந்து இடம் கொடுக்க மறுத்தார். அவர் கைதானதும் கறுப்பின மக்கள் பஸ் வண்டிகளைப் புறக்கணித்தனர். ஒரு வண்டிக்கும் தீ வைக்கவில்லை. ஏறாமல் விட்டனர்; அவ்வளவே. வேலைக்குப் போகும் பெண்கள் மைல்கணக்கில் நடந்தனர். மோட்டார் வண்டி உடையோர் மற்றோரையும் ஏற்றிச் சென்றனர். பிரயாணிகளுள் பெரும்பாலோர் அம்மக்களே ஆதலால், கொம்பனியின் வருமானம் குன்றிற்று. மாட்டின் லூதர் கிங் அவர்களின் வீட்டின்மீது குண்டு வீசப்பட்டபோதும், பழிவாங்கல் கூடாதென்று அவர் கூட்டத்தை அமைதிப்படுத்தினார். 381 நாட்களின் பின், உயர் நீதிமன்றத் தீர்ப்பின் பலத்தோடு, அவர்கள் விரும்பிய ஆசனத்தில் அமர்ந்தனர்.

இச்செய்திகளைக் கேட்டு மகிழும் தமிழர், தம் வீட்டு முற்றத்தையும் பார்த்தல் வேண்டும். தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்களுக்கு யாழ்ப்பாணத்துப் பஸ் வண்டிகளில் ஆசனம் மறுக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அங்கே நிறம் செய்ததை இங்கே பிறப்புச் செய்தது. காந்தியடிகளை அடித்தவனை வைதுகொண்டே, அவர் இருக்க மறுத்த காலடிப் பலகையை நம்மவர் தம் அயலவனுக்கு ஒதுக்கினர்.

இதனைக் கண்டு நாணியோரும் இருந்தனர். ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் 1924இல் தொடங்கிய இயக்கமே யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. அதன் அழைப்பில் 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்து தீண்டாமையைக் கண்டித்தார். பாடசாலையில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கவேண்டும் என்ற சமஆசன முயற்சிக்கு 1930ஆம் ஆண்டையொட்டிக் கடும் எதிர்ப்பு மூண்டது. பாடசாலைகள் சில தீக்கிரையாயின. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிற்று. மறு ஆண்டு பஸ் வண்டிகள் அரசுடைமையாயின. ஆயினும் 1968இலும் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் மக்கள் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியதாயிற்று. சட்டம் கதவைத் திறக்கலாம்; உள்ளே இருப்பவன் விலகி இடம் கொடுப்பது அவன் மனத்தைப் பொறுத்தது.

தீவகத்து மக்களுக்கு இதன் பொருள் இன்னும் நெருக்கமானது. மொன்ட்கோமரி மக்கள் வண்டியை விட்டு நடந்தனர். நெடுந்தீவான் எங்கே நடப்பான்? ஊர்காவற்றுறைக்கும் வேலணைக்கும் தரைவழி உண்டு. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் படகே பாதை. நோயாளியும் மாணவனும் வியாபாரியும் அதை நம்பியே உள்ளனர். புறக்கணிப்பு என்னும் ஆயுதம் அங்கே பயன்படாது. ஆகவே, அவமதிக்கப்பட்டவன் எதிர்க்கட்டும் என்று மற்றோர் காத்திருத்தல் தகாது. முன்னே ஏறி அமர்ந்தவனே முதலிற் பேசவேண்டியவன்.

குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவு செல்லும் படகில், நாகபூசணி அம்மன் அடியாரும் நாகவிகாரைக்குச் செல்லும் சிங்கள யாத்திரிகரும் தோளோடு தோள் நெருங்கி அமர்கின்றனர். காற்று எழுந்தால் எல்லோருக்கும் ஒரே ஆட்டம். கடல் யாருடைய குலத்தையும் கேட்பதில்லை. கடல் கேட்காத கேள்வியைக் கரையேறிய பின்னரும் கேளாதிருக்கப் பழகுவோமாயின், ஆசனத்திற்காக அடிபட்டோரின் துன்பம் வீண்போகாது.